அமர்வு கலையாமல் அடுக்குதல்: அமைப்பியல் பேராசிரியர் ஒருவரின் தாள்கள், பாளையங்கோட்டை

பாளையங்கோட்டையில் ஒரு பழைய காரைவீடு. அரங்கு என்னும் உள்ளறையில் நான்கு ட்ரங்குப் பெட்டிகளும் ஓர் இரும்பு பீரோவும், மச்சில் சாக்கு சுற்றிய சார்ட் சுருள்கள். அவற்றோடு இரண்டு பெட்டி பஞ்ச் கார்டு (பழைய கணினிகளின் துளையட்டை), ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஃபிளாப்பி, மர இழுப்பறையில் குறிப்பட்டைகள். சிக்கலான அமைப்புகளை வடிவமைப்பது பற்றி வாழ்நாளெல்லாம் வேலை செய்த பேராசிரியர் ஒருவர் விட்டுச்சென்றவை இவை. குடும்பத்தார் விரும்பாததால் பெயர் இல்லை. தொகுப்பில் பாதிக்கு மேல் தாமிரபரணிப் பாசனம் பற்றியது: விவசாயிகளையும் பொறியாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து அவர் நடத்திய அமர்வுகளின் தாள்கள். இதுபோன்ற தொகுப்பு கைக்கு வருகிறவர்களுக்காகச் செய்முறையை எழுதிவைக்கிறோம்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் துறையைக் கொஞ்சம் படித்துக்கொள்ள வேண்டும். அந்த அமர்வுகள் எல்லாம் ஜான் வார்ஃபீல்ட் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கிய ‘இன்டர்பிரெடிவ் ஸ்ட்ரக்சுரல் மாடலிங்’ முறையில் நடந்தவை. (வார்ஃபீல்டின் சொந்தத் தாள்கள் இப்போது வர்ஜீனியாவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.) முறை இதுதான். முதலில் ஒரு தூண்டுகேள்வி: ‘பிசானப் பருவ நெல்லுக்குக் கடைமடை வரை தண்ணீர் வராததற்கு என்னென்ன காரணம்?’ வந்தவர்கள் பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதுவார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எண். பிறகு விளக்கம் கேட்டு, வாக்கெடுத்து, முக்கியமான இருபது, இருபத்தைந்தைப் பொறுக்குவார்கள். அடுத்தது இரண்டிரண்டாகக் கேள்வி: ‘7-ஆம் காரணம் 12-ஆம் காரணத்தை மோசமாக்குமா?’ பெரும்பான்மை ஆம் என்றால் 1, இல்லையென்றால் 0. அந்தக் கட்டத்திலிருந்து கணினி ஓர் அம்புக்குறி வரைபடத்தை வரையும்.

சுவரில் ஒட்டிய அந்த வரைபடத்தில் பெரும்பாலும் எண்கள்தான் இருக்கும். 7-லிருந்து 12-க்கு ஓர் அம்பு. 7 என்றால் என்ன என்பது எண்ணப்பட்டியலில். பட்டியலில் ‘ஷட்டர் பிரச்சினை’ என்று இரண்டே சொல் இருந்தால், எந்த மடையின் ஷட்டர், உடைந்ததா, பூட்டப்பட்டதா என்பது விளக்கக் குறிப்பில். அந்தக் காரணம் எப்படிப் பட்டியலில் நின்றது என்பது வாக்குச் சீட்டில். ஆகவே ஓர் அமர்வு என்பது தூண்டுகேள்வி, எண்ணப்பட்டியல், விளக்கக் குறிப்பு, வாக்குச் சீட்டு, 0-1 கட்டம், வரைபடம் ஆகிய ஆறும் சேர்ந்தது. ‘கடிதம் ஒரு பக்கம், சார்ட் ஒரு பக்கம், கார்டு ஒரு பக்கம்’ என்று வகைபிரிப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். இந்தத் தொகுப்பில் அதைச் செய்தால் சார்ட் முழுக்க ஊமையாகிவிடும்.

எனவே அறிவுவரிசை (அட்டவணையில் வரும் வரிசை) அமர்வின்படி, இடவரிசை (அலமாரியில் வைக்கும் வரிசை) அளவின்படி. சார்ட் சார்ட்டுக்குரிய தட்டையான இடத்துக்குப் போகும். அது இருந்த இடத்தில் ஒரு பிரிப்புச் சீட்டு வைக்கப்படும். சீட்டில் நான்கு வரி: எந்த அமர்வு, என்ன பொருள், எங்கே போயிற்று, எந்தத் தேதியில் எடுத்தது. சார்ட்டின் பின்பக்கத்தில் அதே அமர்வு எண், மென்மையான 2பி பென்சிலால். பேனா, ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம்.

குறிப்பட்டைகளுக்கும் இதே நியாயம். சைபர்னெடிக்ஸ் அறிஞர் ராஸ் ஆஷ்பியின் நாட்குறிப்பு 25 தொகுதி, 7,189 பக்கம்; அவரே எழுதிவைத்த அட்டைச் சுட்டியோடு சேர்த்துத்தான் அதை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சமூகவியலாளர் நிக்லாஸ் லூமனின் ஏறத்தாழ 90,000 அட்டைகளை ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் 2011-இல் வாங்கியது. அங்கும் அவர் போட்ட எண்தான் அட்டையின் முகவரி. நம் பேராசிரியர் சிவப்புப் பென்சிலால் ‘14/3’ என்று எழுதியிருந்தால் அது அமர்வும் பக்கமும். ‘முறையான’ புது எண் கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பழைய எண்ணை அட்டவணையில் தனி நெடுவரிசையாகப் போடுவதே சரி.

பெட்டி திறக்கும் நாள்

மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல் மேலிருந்து ஒரு படம். ஒவ்வொரு அடுக்கை எடுக்கும் முன்பும் ஒரு படம்; படத்தில் பெட்டி எண்ணும் அடுக்கு எண்ணும் எழுதிய துண்டுச்சீட்டு தெரிய வேண்டும். எந்தக் கட்டு எதன்மேல் கிடந்தது என்பது, தேதியில்லாத தாளின் காலத்தைக் கணிக்கப் பிறகு உதவும். கட்டைச் சுற்றியிருந்த நாளிதழ்த் தாளைக்கூட உடனே எறியக்கூடாது. அதன் தேதியைக் குறித்துக்கொண்ட பிறகு எறியலாம்.

அரங்கு வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான அறைதான். ஆனால் நெல்லும் புளியும் இருந்த இடம் என்பதால் எலியும் வண்டும் வரும். ராமபாணப் பூச்சிக்குப் பசை தடவிய முதுகும் பளபளப்புத் தாளும் பிடிக்கும். கரையான் சுவரோரப் பெட்டியின் அடிவழியாக ஏறும். வந்த பொருள் முழுவதையும் முதலில் தனி அறையில் வைக்க வேண்டும். ஏற்கெனவே சுத்தம் செய்தவற்றோடு ஒரு தாளும் சேரக்கூடாது.

பூச்சிக்கு நாங்கள் நம்புவது குளிரை. ஐஸ்கிரீம் கடையில் இருக்கும் பெட்டி வகை ஃப்ரீசர் மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும். கட்டைத் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப்பால் நன்றாக மூடி, ஒரு வாரம் உள்ளே வைக்கலாம். எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை குறைந்தது 24 மணி நேரம் மூடியபடியே கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரம் சில்லிட்ட தாளில் முத்துமுத்தாகப் படியும். மின்வெட்டு நேரத்தில் ஃப்ரீசர் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க, அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி ஒன்றை உள்ளே போட்டுவிடுங்கள். புகைப்படம், நெகட்டிவ், ஃபிளாப்பி எதுவும் இதற்குள் போகக்கூடாது.

பாச்சா உருண்டை பூச்சியை விரட்டும், முட்டையைக் கொல்லாது. ஆவி மூடிய பெட்டிக்குள் மறுபடி படிகமாகித் தாளில் படியும். அந்த அறையில் வேலை செய்பவருக்கும் நல்லதல்ல. வசம்பையும் வேப்பிலையையும் துணியில் முடிந்து அலமாரி ஓரத்தில் வைப்பதில் தடையில்லை. தாளோடு தாளாகச் செருகினால் கறை பிடிக்கும். பழைய பைண்டிங் பசையில் மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) கலந்திருந்தால் பச்சைநீலத் திட்டு தெரியும். அந்தச் செம்பு பக்கத்துத் தாளைப் பழுப்பாக்கும். அத்தகைய கட்டுகளில் இடைத்தாள் வைப்பது கட்டாயம்.

ஈரம், காற்று, வெள்ளம்

பூஞ்சணம் பிடிக்காதிருக்க ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 45 முதல் 55 வரை நின்றால் நல்லது. கோடையில் நெல்லையில் இது தானாகவே கிடைக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் கிடைக்காது. பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மோசம். ஈரம் தினமும் ஏறி இறங்கும்போது தாள் அலைஅலையாக மடியும். நாள்முழுதும் ஏசி ஓட வழியில்லையென்றால் மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உண்டு. நிறம் மாறியதும் 120 டிகிரி அவனில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

மலிவான டிஜிட்டல் ஈரமானிகள் ஐந்து, பத்து சதவீதம் பிசகும். சோதிக்க எளிய வழி: ஒரு மூடியில் உப்பை எடுத்து, ஈரமணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் அரை நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். எவ்வளவு குறைகிறதோ கூடுகிறதோ, அதை ஈரமானியின் முதுகில் எழுதி ஒட்டிவிடலாம். இதற்குத் தூள் உப்பு பாக்கெட்தான் வேண்டும். தூத்துக்குடி பக்கத்திலேயே இருக்கிறதே என்று கல்லுப்பைப் போட்டால், அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அளவைக் கீழே இழுத்துவிடும்.

தூசி தட்டும் வேலையை ஆனி, ஆடியில் வைக்காதீர்கள். கணவாய் வழி வரும் காற்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். தட்டிய தாளில் மறுபடி தூசி.

அலமாரிக்கு மரம் வேண்டாம். துளையிட்ட இரும்புக் கோணச் சட்டம் நல்லது. அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும் என்பது பொது விதி. ஆற்றோர ஊருக்கு அது போதாது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி ஏறி நெல்லை சந்திப்புப் பக்கமும் கொக்கிரகுளத்திலும் தரைத்தளங்களுக்குள் புகுந்தது. தாள் இருக்க வேண்டிய இடம் முதல் மாடி, அதற்கு மேல் இன்னொரு தளமும் இருக்க வேண்டும். மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறை சித்திரையில் வேகும்.

நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கெடு. அதற்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். அதற்குள் உலர்த்தக்கூடிய அளவை மட்டும் மின்விசிறிக் காற்றில், நிழலில், மல்துணி விரித்துப் பரப்புங்கள். மீதியை நனைந்தபடியே பையில் போட்டு ஃப்ரீசருக்கு அனுப்பலாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். வெயிலில் காயவைத்தால் ஸ்கெட்ச் பேனா மை வெளிறும், தாளும் சுருளும்.

ஊசி, நாடா, அட்டை

குண்டூசியும் ஸ்டேப்பிளும் துருவேறித் தாளோடு ஒட்டியிருக்கும். நகம்போன்ற ஸ்டேப்பிள் ரிமூவரால் இழுத்தால் தாள் பிய்ந்துவிடும். பின்பக்கத்தில் இரு காலையும் மெல்லிய தட்டைக் கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கத்திலிருந்து தூக்குங்கள்; கத்திக்கும் தாளுக்கும் நடுவே ஒரு பாலியெஸ்டர் துண்டு இருக்கட்டும். எடுத்த கட்டை மறுபடி எதனாலும் குத்த வேண்டியதில்லை. ஏ3 தாளை இரண்டாக மடித்து உறையாக்கினால் போதும். கட்டு பெரிதென்றால் பருத்தி நாடா. பாவாடை நாடாவே போதும், சாயமிடாத பழுப்பு வெள்ளையாகக் கேட்டு வாங்க வேண்டும். நைலான் அறுக்கும், சாய நாடா நனைந்தால் இறங்கும்.

சிவகாசியில் எந்த அளவிலும் பெட்டி அடித்துத் தருவார்கள். ஆனால் அங்கே வழக்கமான சாம்பல் முதுகு டூப்ளெக்ஸ் அட்டை கழிவுத்தாளில் செய்தது, அமிலத்தன்மை கொண்டது. அமில நிலை காட்டும் பேனாவால் அட்டையில் கோடு இழுத்துப் பார்க்கலாம்: மஞ்சளானால் அமிலம், ஊதாவானால் காரம். நல்ல அட்டை கிடைக்காவிட்டால், கிடைத்த பெட்டிக்குள் ஊதாக் கோடு காட்டும் நகல்தாளால் முழுக்க உள்ளுறை போட்டு, சில ஆண்டுக்கொருமுறை மாற்றலாம். மேல்நாட்டு அமிலமற்ற பெட்டிகளுக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட அந்தப் பணத்தை இரும்பு அலமாரிக்குச் செலவிடுவதே மேல் என்பது எங்கள் கருத்து.

தெர்மல் ஃபேக்ஸ் தாள்கள் காத்திருக்காது, எழுத்து மங்கிவிடும். வரிசை, எண் எதுவும் பார்க்காமல் கண்டவுடனே படமெடுத்துவிடுங்கள். பிவிசி உறையில் ஒட்டிக்கொண்ட ஜெராக்ஸை இழுத்தால் எழுத்து உறையோடு போய்விடும். உறையோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அம்மோனியா பிரிண்ட்களை (அம்மோனியா ஆவியில் எடுத்த வரைபட நகல்களை) தனி உறையில் வைக்க வேண்டும், அவற்றின் ஆவி பக்கத்துத் தாளைக் கெடுக்கும்.

சார்ட்டும் கட்டமும்

சுருண்டு இறுகிய சார்ட்டை வலிய விரித்தால் மடிப்பில் ஒடியும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, அதன்மேல் ஒரு வலைத்தட்டு, தட்டில் சுருள், மூடி. சில மணி நேரத்தில் தாள் தளரும். ஐப்பசியில் தொட்டியே தேவையில்லை, அறையில் கிடந்தாலே தளர்ந்துவிடும். அதற்கு முன் மைச் சோதனை: ஓரத்தில் ஒரு சிறு புள்ளி தண்ணீர் வைத்து ஒற்றுத்தாளால் ஒற்றுங்கள். மை இறங்கினால் தொட்டி வேண்டாம், மேலே பலகையேற்றிப் பொறுமையாக நாள்கணக்கில் தட்டையாக்க வேண்டும். ஒட்டிய அட்டைத்துண்டு பசை காய்ந்து உதிர்ந்திருந்தால், அது இருந்த இடத்தில் பசைத்தடம் தெரியும். தடத்தையும் துண்டையும் பொருத்திப் படமெடுத்த பிறகே துண்டைச் சிறு உறையிலிட வேண்டும். சார்ட் முழுவதும் ஒரு படம். பிறகு 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பகுதி பகுதியாக. ஒட்டுத் தாள்களின் விளிம்பில்தான் அம்புமுனைகள் காணாமல் போகும், அங்கே மட்டும் நெருங்கி இன்னொரு படம்.

0-1 கட்டத்தைக் கறுப்பு-வெள்ளையாக ஸ்கேன் செய்வது பெருங்கேடு. கட்டத்தில் சில 1-களின் தலையில் பென்சிலால் ஒரு நட்சத்திரக்குறி இருக்கும். அமர்வில் கேட்டு வாங்கிய பதில் வெறும் 1. 7 12-ஐ மோசமாக்கும், 12 19-ஐ மோசமாக்கும், ஆகவே 7 19-ஐயும் மோசமாக்கும் என்று ஊகித்துப் போட்டது நட்சத்திரமிட்ட 1. விவசாயிகள் சொன்னது எது, கணக்கு சொன்னது எது என்பதற்கு அந்த ஒரு பென்சில் புள்ளிதான் சாட்சி. 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), சாம்பல் நிறத்துக்குக் குறையாமல் எடுங்கள்.

கட்டத்தை எண்ணாக்கும்போது சரிபார்க்க இந்தத் துறையே ஒரு வழி வைத்திருக்கிறது. முடிந்த கட்டத்தை அதனாலேயே பூலியன் முறையில் (1-ஐயும் 1-ஐயும் கூட்டினாலும் 1 என்று கொண்டு) பெருக்கினால் அதே கட்டம் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் தட்டச்சில் பிழை, அல்லது அது ஊகங்கள் நிரப்பப்படாத முன்கட்டம். பைத்தானில் நாலைந்து வரி. மூலத்திலேயே பொருந்தாவிட்டால் திருத்தக்கூடாது. உள்ளதை உள்ளபடி விட்டு, குறிப்பு எழுத வேண்டும். எல்லாப் பிழையையும் இது பிடிக்காது, அதனால் இருவர் தனித்தனியே தட்டி ஒப்பிடுவதும் வேண்டும். ஒவ்வொரு இணையும் ஒருமுறை மட்டும் வரும் பாதிக்கட்டப் படிவம் என்றால் உள்ளீடுகளை எண்ணிப் பாருங்கள்: 22 காரணத்துக்கு 231 இணை, குறைந்தால் எங்கோ ஒரு தாள் போயிருக்கிறது.

உள்ளூர் அறிவு இல்லாமல் சுருக்கெழுத்துகள் விளங்காது. விளக்கக் குறிப்புகளில் ‘கோ, ந, க, அ, ப, சு, ம, ஸ்ரீ’ என்று வந்தால் அது மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ‘ப’ என்றதும் பாபநாசம் என்று எழுதிவிடக்கூடாது. பழைய கால்வாய்க் கணக்குகளின் நகல்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) இருக்கும்: ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்டுங்கள். கொல்லம் 1050 என்றால் 1874–75. அட்டவணையில் மூலத் தேதியும் மாற்றிய தேதியும் இரண்டும் வரட்டும்.

கார்டும் ஃபிளாப்பியும்

பஞ்ச் கார்டுக் கட்டின் ரப்பர் பேண்டை அறுக்கும் முன் கட்டின் மேல்விளிம்பைப் படமெடுங்கள். அங்கே குறுக்காக மார்க்கரால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். கார்டு சிதறினால் அந்தக் கோட்டை வைத்துத்தான் அடுக்குவது. ஃபோர்ட்ரான் மொழி நிரல் என்றால் 73 முதல் 80 வரையிலான நெடுவரிசையில் வரிசை எண்ணும் இருக்கலாம். கறுப்புத் தாளைப் பின்னால் வைத்து 200 பிபிஐயில் ஸ்கேன் செய்தால் துளைகள் கறுப்பாகத் தெரியும். எழுத்துக்கு இரண்டு துளை: மேல் மூன்று வரிசையில் ஒன்று, எண் வரிசையில் ஒன்று. இலக்கத்துக்கு ஒரே துளை. இதற்குப் பொருந்தாத கார்டை நிரலே தனியாக ஒதுக்கும்படி எழுதிவிடலாம். நிறுத்தக்குறிகளுக்கு மூன்று துளைவரை வரும், அவற்றுக்கு விலக்கு. மேல்விளிம்பில் அச்சான எழுத்தை மட்டும் நம்பாதீர்கள்; அச்சில்லாத கார்டும், பழைய கார்டைக் குறிப்புச் சீட்டாக்கியதும் கலந்திருக்கும்.

ஃபிளாப்பியை உறையிலிருந்து எடுத்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணத் திட்டு இருந்தால் டிரைவில் போடக்கூடாது. திட்டு தலைமுனையில் ஒட்டி அடுத்த ஃபிளாப்பியையும் கீறும். பஞ்சுக் குச்சியும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கொண்டு துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே படிக்க வேண்டும். எழுதிவிடாதபடி தடுப்பு: ஐந்தேகால் அங்குலத்தில் வெட்டுவாயை டேப்பால் மூட வேண்டும், மூன்றரை அங்குலத்தில் ஓட்டையைத் திறந்துவைக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். யூஎஸ்பி டிரைவ் மூன்றரைக்கு மட்டும்தான். ஐந்தேகாலுக்குப் பழைய டிரைவும், அதை இன்றைய கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசல் பலகையும் வேண்டும். கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்காமல் முழு வட்டின் பிம்பத்தை எடுங்கள், அழித்த கோப்பும் அதில் இருக்கலாம்.

வேர்ட்ஸ்டார் என்ற பழைய தட்டச்சு மென்பொருளின் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் குப்பையாகத் தெரியும். அது கெட்டுப்போகவில்லை, வேர்ட்ஸ்டார் அங்கே எட்டாவது பிட்டை ஏற்றிவைக்கும், அதை இறக்கினால் எழுத்து வந்துவிடும். தமிழ்க் கோப்புகள்தான் உண்மையான தலைவலி. 1999-இல் டாம், டாப் என்ற குறியாக்கங்களாக அரசு தரப்படுத்தும் முன் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம். அதே கட்டுரையின் அச்சுப்படி பெட்டியில் கிடைத்தால் அரைப்பக்கம் ஒப்பிட்டாலே எந்த எழுத்துரு என்று பிடித்துவிடலாம். இதற்கும் அமர்வு கலையாமல் இருக்க வேண்டும். மூலக் கோப்பை அழிக்காமல் யூனிகோடு நகலைத் தனியே வையுங்கள்.

அட்டவணையில் தேடினால் இருக்கும் சொல்லே கிடைக்காமல் போகும். ‘கொ’வின் ஒகரக்குறி ஒரே குறியீடாகவும் வரும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரும், கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. என்எஃப்சி என்னும் யூனிகோடு இயல்பாக்கம் இதைச் சரிசெய்யும். ஔகாரக்குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’வும் தட்டியதை அது சரிசெய்யாது, கண்ணால்தான் தேடித் திருத்த வேண்டும்.

ஏ4 வண்ணத்தில் 300 பிபிஐ டிஃப் (TIFF) படக்கோப்பு ஒன்று 26 எம்பி. 400 பிபிஐ சாம்பல் 15.5 எம்பி. இதை வைத்து ஹார்ட் டிஸ்க்கைக் கணக்கிடுங்கள். கோப்புப் பெயரில் ரோமன் எழுத்தும் எண்ணும் மட்டும், முதலில் அமர்வு எண். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) எடுத்துவைத்து ஆண்டுக்கொருமுறை ஒப்பிட வேண்டும். நகல் மூன்று, ஒன்றாவது தாமிரபரணி படுகைக்கு வெளியே இருக்கட்டும், மதுரையோ சென்னையோ.

கடிதங்களைப் பொதுவில் வைக்கும் முன் ஒன்று கவனிக்க வேண்டும். கடிதத் தாள் பேராசிரியர் குடும்பத்துக்குச் சொந்தம். எழுத்தின் பதிப்புரிமை இந்தியச் சட்டப்படி எழுதியவருக்கு. குடும்பத்தாரின் சம்மதக் கடிதம் அவருடைய சொந்த எழுத்துக்கு மட்டுமே செல்லும். வாக்குச் சீட்டுகளில் பெயர் இருந்தால் அந்தப் பெயர்களுக்குரியவர்கள் பலரும் இன்னும் அதே கால்வாயில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள்; யார் யாருக்கு எதிராக வாக்களித்தார் என்பது வெளியே போனால் மடையில் சண்டைதான். அந்தச் சீட்டுகள் மூடிய உறையில் இருக்கும். மொத்த எண்ணிக்கை மட்டும் அட்டவணையில் வரும்.

கழித்தவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு: ஒரே சைக்ளோஸ்டைல் தாளின் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள், வெற்றுத் தாள்கள், கடை ரசீதுகள். பிரதிகளில் பென்சில் குறிப்பு இல்லை என்று இருபுறமும் பார்த்த பிறகே கழித்தோம். ‘ஸ்கேன் பண்ணியாச்சுல்லா, மிச்சத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுறலாம்லா’ என்ற கேள்வி வீட்டிலிருந்து வரத்தான் செய்யும்; கழித்தவற்றின் பட்டியலைக் கையெழுத்தோடு கொடுத்து, மீதி எதையும் போடக்கூடாது என்று அதிலேயே எழுதிவிடுவது நல்லது.